நூறு செக்கனும் அம்பியர் நானாவும்

கற்பிட்டிக் குடாநாட்டிலே மின்சாரத்தைத் துளியும் நம்பாத மனிதர் ஒரேயொருவர்தான் இருந்தார். அவர் செய்துவந்த தொழில் மின்சார வேலை.

எல்லோரும் அவரை அம்பியர் நானா என்றே கூப்பிட்டோம். உண்மையான பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை. ஒருமுறை அந்தப் பெயருக்கு ஒரு கடிதம் வந்ததாம். புதிதாக வந்த தபால்காரர் நானாவின் கடைக்கே போய், "இந்த ஆளத் தெரியுமா?" என்று விசாரித்திருக்கிறார். நானா மீற்றரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்புடி ஒருத்தரும் இந்தப் பக்கம் இல்ல" என்று அனுப்பிவிட்டாராம். இதை எனக்குச் சொன்னவர் அவருடைய மனைவி பரீதா அக்கா. "நல்ல காலம், என்ட பேராவது மனுசனுக்கு ஞாபகம் இருக்கி" என்றும் சொன்னார்.

ஒரு கம்பியில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பதன் அளவுதான் அம்பியர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனை வைத்திருப்பதுபோல நானா மீற்றர் வைத்திருப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் முதல் ஸலாம் மாப்பிள்ளைக்கு அல்ல, ஜெனரேற்றருக்கு. தலவில தேவாலயத் திருவிழாவுக்கு ஒரு தடவை அவரோடு போனேன். சனம் எல்லாம் கோவிலைப் பார்த்து நடக்க, நானா ஒரு முறுக்குக் கடையின் லைற் வயரைப் பார்த்து நின்றுவிட்டார். அரை மணித்தியாலத்தில் கடையின் லைற் முழுவதும் அணைந்திருந்தது, கடைக்காரர் கத்திக்கொண்டிருந்தார், நானா வயரைக் கழற்றி நிலத்தில் பரப்பியிருந்தார். "கத்தாதீங்க. இந்த வயர்ல நீங்க முறுக்கு சுட்டிருக்கலாம், அவ்வளவு சூடு" என்றார். திருவிழாவில் நாங்கள் பார்த்தது அந்த வயர் மட்டும்தான்.

ஆட்களையும் அவர் அம்பியரில்தான் எடை போடுவார். ஓயாமல் கத்தும் ஒருவரைப் பற்றி, "சும்மா நிண்டாலே பத்து அம்பியர் இழுக்கிற ஆள்" என்பார். என்னைப் பற்றி ஒருநாள், "தம்பி, நீ நல்ல புள்ள. ஆனா அர அம்பியருக்கு மேல நீ ஏறமாட்டாய்" என்றார். எனக்கு அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

நான் அப்போது எத்தாளைக்குப் பக்கத்தில், கடலோடு சேர்ந்த உப்புநீர்க் களப்பை ஒட்டியிருந்த ஒரு சின்ன விருந்தினர் விடுதியில் வேலை. வரவேற்பாளரும் நான்தான், முகாமையாளரும் நான்தான், குழாய் உடைந்தால் குழாய்க்காரரும் நான்தான். காற்றுக் காலத்தில் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வழுக்கி விளையாட வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். அப்படி வந்த ஒருவர் போகும்போது, ஓர் உடைந்த ட்ரோனை என் மேசையில் வைத்து, குப்பையில் போட்டுவிடச் சொன்னார்.

கல்யாண வீடுகளில் படம் எடுக்க மேலே மெதுவாக மிதக்குமே, அந்த ட்ரோன் இல்லை இது. பந்தய ட்ரோன். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. நாலு கை, நாலு மோட்டர், நடுவில் ஒரு பற்றரி. நிலத்தில் இருந்து கிளம்பினால் கண் சிமிட்டுமுன் தென்னை உயரத்தில் நிற்கும். முன்னால் ஒரு சின்னக் கெமரா. ஓட்டுபவர் கண்ணை முழுதாக மூடும் ஒரு பெட்டிக் கண்ணாடியைப் போட்டுக்கொள்வார். கெமரா பார்ப்பதெல்லாம் அதற்குள் தெரியும். ஆளே பறப்பதுபோல இருக்கும். கண்ணாடியையும் ரிமோட்டையும்கூட அந்த மனிதர் விட்டுவிட்டுப் போனார். அவ்வளவு வெறுத்திருந்தார்.

குப்பையில் போட மனம் வராமல் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். வயர்களை ஒட்டியிருந்த ஈயத்தைக் கண்டதும் முகம் கறுத்துவிட்டது.

"ஆரு வெச்ச இந்த ஈயம்?"

"வெள்ளக்காரர் நானா."

"இது ஈயம் வெச்சதில்ல தம்பி, துப்பி வெச்சது." பற்றரியில் இருந்து வரும் தடித்த வயரை விரலால் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது. "எண்பது அம்பியர் போற இடம் இது. ஒங்கட விடுதி முழுக்க, ஏசி, மோட்டர், ஃபிரிஜ் எல்லாம் சேத்துப் போட்டாலும் எண்பது வருமா? அத இவ்வளவு சின்ன வயர்ல கொண்டு போறான். அதுவும் இப்புடி!"

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவரை எட்டு மாதம் விடவில்லை.

முதலில் முழு வயரையும் பிடுங்கினார். பற்றரி வயரை நறுக்கிக் குட்டையாக்கினார். நீளம் கூடினால் கரண்ட் அடித்துப் பாயும்போது துள்ளுமாம். அந்தத் துள்ளலை அடக்க ஒரு கப்பாசிற்றரைப் பற்றரி வாயிலேயே வைத்தார். நாலு மோட்டருக்கும் நாலு பாதை, கெமராவுக்கு ஐந்து வோல்ற்றில் தனிப் பாதை. ஒவ்வொரு ஈயப் பொட்டும் மாதுளை முத்துப் போல மினுங்கவேண்டும். மினுங்காவிட்டால் உருக்கி எடுத்துவிட்டு மறுபடி. பரீதா அக்கா சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, ஒருநாள் சோற்றுக் கோப்பையைக் கடைக்கே கொண்டுவந்து சோல்டரிங் அயனுக்குப் பக்கத்தில் வைத்தார். நானா சோற்றில் அயனைக் குத்தினார். அன்று கடை முழுக்க இறால் பொரியல் வாசம்.

முதன்முதலாகப் பற்றரி கொடுக்கும் நாளில் என்னையும் அழைத்தார். ஏதோ குழந்தைக்குப் பெயர் வைக்கும் வீடு போல அக்கா வட்டிலப்பம் செய்திருந்தார். நானா பற்றரியை நேராகக் கொடுக்கவில்லை. இடையில் ஒரு மோட்டார் சைக்கிள் பல்பைக் கோத்தார். எல்லாம் சரியென்றால் பல்ப் ஒரு தடவை மின்னி அணையும். உள்ளே எங்காவது ஷோர்ட் இருந்தால் பல்ப் பிரகாசமாக எரியும், ட்ரோன் தப்பிக்கும். "பிஸ்மில்லாஹ்" என்று கொடுத்தார்.

பல்ப் நிலவு போல எரிந்தது.

அக்கா கை தட்டினார். "மாஷா அல்லாஹ்! என்னா வெளிச்சம்!"

நானா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பூதக்கண்ணாடி போட்டுத் தேடினால், எறும்புத் தலையளவு ஈயத் துணுக்கொன்று இரண்டு புள்ளிகளுக்கு நடுவே படுத்திருந்தது. அதை ஊசியால் எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்தார். ஏன் என்று கேட்டேன். "எனக்குத் தலக்கனம் வந்தா எடுத்துப் பாக்க" என்றார்.

பறக்கப் பழகியது இன்னொரு கூத்து. தென்னையில் ஏறியது, வெங்காயத் தோட்டத்தில் இறங்கியது, ஒரு பசு மாடு அதைத் துரத்தியது, அது அந்தப் பசுவைத் துரத்தியது. எல்லாவற்றையும் ஊர் பொறுத்துக்கொண்டது. சூசை அண்ணனின் நெத்தலியில் விழுந்ததைத்தான் பொறுக்கவில்லை.

சூசை அண்ணன் களப்பில் நண்டு வலை போடுகிறவர். நானாவுக்கு முப்பது வருடக் கூட்டாளி. காலையில் தேத்தண்ணிக் கடையில் இருவரும் ஒரே வாங்கில் உட்கார்ந்தால்தான் கடைக்காரருக்குப் பொழுது விடியும். அன்று சூசை அண்ணனின் மனைவி கரையில் பாய் விரித்து நெத்தலி காயப்போட்டிருந்தார். ட்ரோன் நேராக அதன் நடுவில் இறங்கி, நாலு காற்றாடியும் சுழல, பாயை உழுது நெத்தலியை வானத்துக்கு வீசியது. எங்கிருந்தோ காகங்கள் வந்தன. ஒரு மணித்தியாலத்துக்கு அந்தக் கரையில் காகக் கல்யாணம்.

"உன்ட குளவியக் கொண்டுபோய் உன்ட கூரைல விடு! இந்தப் பக்கம் வந்தா அடிச்சு நொறுக்குவன்" என்று சூசை அண்ணன் கத்தினார்.

"குளவியில்ல, ட்ரோன்" என்று திருத்தினார் நானா. மன்னிப்புக் கேட்கவேண்டிய இடத்தில் இப்படிச் சொன்னால் என்ன நடக்கும்? பேச்சு நின்றது. ஐந்து மாதம்.

ஆனால் வாங்கு மாறவில்லை. இரண்டு பேரும் அதே வாங்கில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுவில் நான்.

"தம்பி, அங்கால இருக்கிற ஆளுட்ட சீனியத் தரச் சொல்லு."

"தம்பி, சீனி அந்த ஆளுட கைக்கு எட்டுற தூரத்திலதான் இருக்கி எண்டு சொல்லு."

இதற்கிடையே நானாவுக்கு வேறொரு சண்டை. இது ட்ரோனோடு. உள்ளே கரண்ட் சென்சர் என்று ஒன்று உண்டு. பற்றரியில் இருந்து ஒவ்வொரு கணமும் எவ்வளவு கரண்ட் போகிறது என்று அளந்து, அதைக் கூட்டிக் கூட்டி, இதுவரை செலவானது இவ்வளவு என்று கண்ணாடிக்குள் ஓர் எண்ணாகக் காட்டும். நிறைந்த பற்றரியில் இருப்பது ஆயிரத்து ஐந்நூறு மில்லி அம்பியர் மணி. பறந்து இறங்கியதும் சார்ஜர் எவ்வளவு திருப்பி ஏற்றுகிறது என்று பார்த்தால், சென்சர் சொன்னது உண்மையா என்று தெரிந்துவிடும். சென்சர் ஆயிரத்து நூறு என்றது. சார்ஜர் ஆயிரத்து முந்நூற்றி இருபது ஏற்றியது.

"பொய் சொல்லுது" என்றார் நானா, வீட்டில் திருடனைப் பிடித்தவர் போல.

"கிட்டத்தட்ட சரிதானே நானா. பறக்குதுதானே?"

"தம்பி, பறக்க ஆருக்கும் ஏலும். எவ்வளவு மிச்சமிருக்கி எண்டு தெரிஞ்சு பறக்கணும்."

கணினியில் அந்த சென்சரின் எண்ணைக் கொஞ்சம் திருத்துவார், பறப்பார், இறக்குவார், ஏற்றுவார், முகத்தைச் சுளிப்பார், மறுபடி திருத்துவார். இப்படி வாரக்கணக்கில். கடைசியில் இரண்டும் ஒன்றாக வந்தன. அன்று நானா கடையைப் பூட்டிவிட்டு, அக்காவை ஏற்றிக்கொண்டு புத்தளத்துக்குப் போய் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார். கல்யாணம் முடித்து இருபத்தாறு வருடத்தில் காரணம் சொல்லாமல் மனுசன் ஐஸ்கிறீம் வாங்கித் தந்ததால் அக்கா பயந்துபோய் எனக்கு போன் எடுத்தார்.

சென்சர் உண்மை பேசத் தொடங்கிய நேரமாகப் பார்த்து, எங்கள் விடுதிக்குப் பக்கத்து வெளியில் ட்ரோன் பந்தயம் ஒன்று ஏற்பாடாகியது. கொழும்பிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் இளைஞர்கள் வருவதாக இருந்தது. நானா பெயர் கொடுத்தார். வயது ஐம்பத்தேழு. பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. தூரத்திலிருந்து அடையாளம் தெரிய ஒவ்வொரு ட்ரோனுக்கும் ஒரு நிற லைற் கட்டவேண்டும் என்று விதி. நானாவுக்குச் சிவப்பு விழுந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து அவசரமாகக் கட்டினார்.

சனிக்கிழமை பகல் காற்று பேய் பிடித்து அடித்தது. மூன்று மணிபோல சூசை அண்ணனின் மனைவி விடுதிக்கு ஓடிவந்தார். காலையில் களப்புக்குள் போன மனுசன் பன்னிரண்டுக்கு வந்திருக்கவேண்டும். வரவில்லை. போனும் எடுக்கவில்லை. போனது தனியாக.

எங்கள் விடுதிப் படகுக்காரர் இன்னொருவரையும் ஏற்றிக்கொண்டு, சூசை அண்ணன் வலை போடும் இடத்தைப் பார்த்துப் போனார். கரையில் நின்ற எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. பார்க்கும் இடமெல்லாம் வெள்ளை நுரை. விடுதியில் தங்கியிருந்த ஒருவர் தன்னுடைய படம் எடுக்கும் ட்ரோனை எழுப்பிப் பார்த்தார். காற்று அதிகம் என்று அது தானாகவே கீழே வந்துவிட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். நானா கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார். ஓடி நான் அவரைக் கண்டதே இல்லை.

"மூணு பெட்டரி. ரெண்டு காலைல முடிச்சிட்டன். ஒண்டுதான் இருக்கி" என்றார். மூச்சு வாங்கியது. "தம்பி, நீ படகுக்குப் போன் எடுத்து வெச்சுக்கொள். நான் சொல்றத அப்புடியே சொல்லு."

ட்ரோன் கிளம்பியது. ஒரு நொடிதான், பிறகு சத்தம் மட்டும், பிறகு அதுவும் இல்லை. கண்ணாடி போட்ட நானா களப்பைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் மட்டும் பற்றரி செலவான எண்களைச் சொன்னது.

"நூத்தி அம்பது... ஒண்டுமில்ல. வலைக் கம்பு தெரியுது. ஆள் இல்ல. இருநூத்தி எண்பது..."

"பாதி வரைக்கும் போகலாம்தானே நானா? எழுநூத்தி அம்பது?"

"பாதியா? போறது காத்தோட தம்பி. வாறது காத்துக்கு எதிர்த்து. நானூறுல திருப்பணும். திருப்பாட்டி வந்து சேராது."

முந்நூற்றி ஐம்பது என்றார். முந்நூற்றி தொண்ணூறு என்றார். நானூறு என்றார்.

அதற்கு மேல் எண் வரவில்லை.

"நானா?"

"கதைக்காத."

அவருடைய இரண்டு விரல்களும் ரிமோட்டை முன்னுக்கே தள்ளிக்கொண்டிருந்தன. திருப்பவில்லை. எட்டு மாதச் சாமான் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இன்னும் போய்க்கொண்டிருந்தது. சூசை அண்ணனின் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு எண்கள் விளங்கவில்லை, ஆனால் ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கியது.

"அறுநூறு. கண்டல் தீவு. தீவுக்கு இந்தப் பக்கம் ஒங்கட படகு தெரியுது. எழுநூத்தி பத்து. தீவுக்கு அங்கால போறன்... எண்ணூறு..." தன்னையறியாமல் முன்னுக்கு ஓரடி வைத்தார். "வள்ளம்! கவுந்து கிடக்கு. அல்லாஹ்வே, ஆள் மேல கிடக்கான். கைய அசைக்கிறான்! தம்பி, படகத் தீவச் சுத்தி வரச் சொல்லு. வந்தா மேல பாக்கச் சொல்லு, சிவப்பு லைற்!"

நான் போனில் கத்தினேன்.

நானா எண்ணைப் பார்த்தார். "தொள்ளாயிரம். அறுநூறு இருக்கி. இந்தக் காத்துல ஒரே இடத்துல நிக்க இருபது அம்பியர் கேக்குது." உதடு அசைந்தது. "நூறு செக்கன். நூறு செக்கன் நிப்பன் எண்டு சொல்லு. அதுக்குள்ள சுத்தி வரணும்."

நூறு செக்கன் என்று நான் போனில் சொன்னேன். பிறகு ஒவ்வொரு நொடியாக எண்ணத் தொடங்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக எதையும் எண்ணியதில்லை. ஐம்பதில் படகுக்காரர், "வாறம், வாறம்" என்றார். எழுபதில் ஒன்றும் தெரியவில்லை என்றார். எண்பத்தெட்டில், "லைற் தெரியுது! சிவப்பு!" என்று அலறினார். தொண்ணூற்றெட்டில் நானா ரிமோட்டில் இருந்து விரலை எடுத்தார்.

"விழுந்திட்டு" என்றார். "அவன்ட தலைல விழாம ஒதுக்கி விட்டன்."

கண்ணாடியைக் கழற்றினார். கண் நனைந்திருந்தது. "உள்ளுக்குச் சரியான வேர்வ" என்றார். நாங்கள் எல்லோரும் அதை நம்பியதாகக் காட்டிக்கொண்டோம்.

படகு கரைக்கு வந்தபோது சூசை அண்ணனின் உதடு நீலமாக இருந்தது. மனைவி அழுதுகொண்டே துவாயால் மூடினார். அவர் இருமி, தண்ணீர் துப்பி, கூட்டத்தில் நானாவைத் தேடிப் பிடித்தார்.

"டேய், உன்ட குளவி என்ட தலைக்கு மேல நிண்டு என்னா சத்தம்டா! மனுசன் நிம்மதியா சாகவும் ஏலாதா?"

"ரெண்டு செக்கன் முந்தி விழுந்திட்டுடா. நூறு எண்டு சொன்ன. மன்னிச்சுக்கொள்" என்றார் நானா.

ஐந்து மாதத்துக்குப் பிறகு நடுவில் நான் இல்லாமல் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஞாயிறு பந்தயத்துக்கு வந்த இளைஞர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவர் தன்னுடைய மேலதிக ட்ரோனை நானாவிடம் நீட்டி, பந்தயத்தில் ஓட்டச் சொன்னார். நானாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வாங்கினார். மூடியைக் கழற்றிப் பார்த்தார். முகம் கறுத்தது.

"இந்த ஈயத்தோட நான் பறக்கமாட்டன் மகன். நீயும் பறக்கக் கூடாது."

பிறகு ஒவ்வொருவருடையதாக வாங்கிப் பார்க்கத் தொடங்கினார். அன்றைய பந்தயம் இரண்டு மணித்தியாலம் தாமதம். பன்னிரண்டு ட்ரோன்களுக்கும் நானாதான் ஈயம் வைத்தார். வென்றது யார் என்று எனக்கு ஞாபகமில்லை. வென்ற பையன் கிண்ணத்தைக் கொண்டுவந்து நானாவின் மேசையில் வைத்துப் படம் எடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சூசை அண்ணன் அடுத்த வாரத்தில் இருந்து கண்டல் தீவுக்கு அங்காலதான் வலை போட்டார். அங்கே நண்டே இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் வாரம் ட்ரோன் வலையில் வந்தது. தன்னுடைய பெனியனில் சுற்றி, நனைந்த கோழிக்குஞ்சைத் தூக்கி வருவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொண்டுவந்தார். உப்பு எல்லாவற்றையும் தின்றிருந்தது. நானா மீற்றரை வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஆனாலும் அதை விடவில்லை. அந்த இரண்டு செக்கன் அவரைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது. சென்சர் மறுபடி பொய் சொன்னதா?

நாலாம் நாள் தேத்தண்ணிக் கடைக்கு ஓடிவந்தார். இது அவர் ஓடி நான் கண்ட இரண்டாம் தடவை.

"சென்சர்ல பிழையில்ல! பிழ என்னில. அந்தச் சிவப்பு லைற்ற அவசரத்துல சென்சருக்கு முன்னுக்கே, பெட்டரி வயர்லயே ஒட்டிட்டன். லைற் குடிச்ச கரண்ட சென்சர் காணவே இல்ல. அந்த ரெண்டு செக்கன் லைற்றுக்குப் போனது."

சூசை அண்ணன் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"அந்த லைற்றாலதானேடா என்னைக் கண்டாங்க" என்றார். "அது குடிச்சா குடிச்சிட்டுப் போகட்டும்."

நானா யோசித்தார். "அப்ப சரி" என்றார். சூசை அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழுந்து இடம் விட்டேன்.

பிறகு நானா இன்னொரு ட்ரோன் செய்தார், அதற்குப் பிறகு இன்னொன்று. நான் விடுதி வேலையை விட்டுச் சிலாபத்துக்கு வந்து ஆறு வருடமாகிறது. வருடத்தில் நாலைந்து தடவை கற்பிட்டிக்கு பஸ் ஏறுகிறேன். வீட்டில் டொல்பின் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் புறப்படுவேன். இறங்கியதும் நேரே நானாவின் கடைக்குத்தான் போவேன், இதுவரை ஒரு டொல்பினைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை.